யார் யாருக்குத் தேர்வு வைப்பது?

"நீ ரீச்சர்தானே, இதைப் பாடமாக்க ஒரு வழி சொல்லன்" என்றார் அக்கா, லண்டனிலிருந்து. அவர் அப்போது இரண்டு முறை தோற்றிருந்தார். அந்தத் தேர்வின் பெயர் 'லைஃப் இன் தி யுகே'.

அக்கா என் உடன்பிறந்தவர் அல்ல. 1990இல் படகில் வந்து எங்கள் ஊரை ஒட்டிய முகாமில் தங்கவைக்கப்பட்ட குடும்பத்துப் பெண். என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஒன்பதாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றுபோனது. பிறகு துணிக்கடை, தம்பி தங்கைகள், அம்மாவின் நோய். போர் முடிந்தபின் யாழ்ப்பாணம் திரும்பி, அங்கிருந்து திருமணமாகி லண்டன் போனார். இரவில் அலுவலகங்களைத் துடைக்கும் வேலை. காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு மாமியாருக்குச் சமையல். எஞ்சிய நேரத்தில் பஸ்ஸில் உட்கார்ந்தபடி இங்கிலாந்து மன்னர்களின் பட்டியலை மனனம் செய்தார்.

1810இல் லண்டனில் முதல் இந்திய உணவகத்தைத் திறந்தவர் யார் என்று என்னிடம் ஒருநாள் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தீன் மொகமெத் என்று அவரே சொன்னார். அந்த நகரத்தில் நாளைக்கு மூன்று வேளை சமைக்கிற ஒருத்தி, இருநூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே சமையல் கடை வைத்த ஓர் ஆணின் பெயரைச் சொல்லித் தன்னை அங்கே இருக்கத் தகுந்தவள் என்று நிறுவ வேண்டியிருந்தது.

நான் இருபது ஆண்டுகளாக வினாத்தாள் தயாரிக்கிறவள். மாணவிகளை எழுப்பவும் வீழ்த்தவும் ஒரு கேள்வியால் முடியும் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தொழில் அறிவோடுதான் சொல்கிறேன்: குடியுரிமைக்கான பொது அறிவுத் தேர்வு, தேர்வு என்ற சொல்லுக்கே தகுதியற்றது. எந்த நேர்மையான தேர்வுக்கும் மூன்று நிபந்தனைகள் உண்டு. கேட்பதற்கு முன் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். கேட்பது நோக்கத்தோடு பொருந்த வேண்டும். தோற்றவரின் வாழ்க்கை அதனால் அழியக்கூடாது. இந்தத் தேர்வு மூன்றிலும் தோற்கிறது.

முதலில், கற்பித்தல். பிரித்தானியாவில் இத்தேர்வு 2005இல் குடியுரிமைக்கும், 2007இல் நிரந்தர வதிவிடத்துக்கும் கட்டாயமாக்கப்பட்டது. 45 நிமிடத்தில் 24 கேள்விகள். 18க்குச் சரியான விடை வேண்டும். ஒவ்வொரு முறையும் 50 பவுன் கட்டணம். தொடக்கத்தில் ஒரு நல்ல மாற்றுவழி இருந்தது. ஆங்கிலம் போதாதவர்கள் குடிமைப் பாடத்தோடு சேர்ந்த மொழி வகுப்புக்குப் போய், தங்கள் நிலையிலிருந்து ஒரு படி முன்னேறிக் காட்டினால் போதும். பள்ளி கைவிட்ட பெண்களுக்கு அது உண்மையான வாய்ப்பு. வாரத்தில் சில மணி நேரமாவது வீட்டைவிட்டு வெளியே வர, வேறு பெண்களோடு உட்கார, சந்தேகம் கேட்க ஓர் இடம். 2013 அக்டோபரில் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். இப்போது மொழித் தகுதியும் வேண்டும், கணினித் தேர்விலும் தேற வேண்டும். வகுப்பறையை எடுத்துக்கொண்டு தேர்வறையை மட்டும் விட்டுவைத்த அரசு, 'உங்கள் பெண்கள் கலந்து பழகுவதில்லை' என்று நம்மைக் குறைசொல்கிறது.

இரண்டாவது, நோக்கம். அதே 2013இல் பாடநூலைத் திருத்தி வெளியிட்டபோது, அற்ப விவரங்களை நீக்கிவிட்டதாகக் குடிவரவுத் துறை அமைச்சர் பெருமையோடு அறிவித்தார். அவர் அற்பம் என்று சொன்னவை எவை தெரியுமா? தண்ணீர் மீட்டர், ரயில் நேர அட்டவணை, இணையத்தைப் பயன்படுத்தும் முறை. அவற்றின் இடத்தில் வரலாறும் பண்பாடும் கூடுதலாக வந்தன. ஒரு குடும்பத்தின் தண்ணீர்க் கட்டணத்தைக் கணக்குப் பார்க்கிறவள் யார்? இரவு வேலை முடிந்து முதல் ரயில் எத்தனை மணிக்கு என்று அறிந்துவைத்திருக்க வேண்டியவள் யார்? அந்த நாட்டில் உண்மையாக வாழத் தேவையான அறிவு அற்பமாகிவிட்டது. மன்னர்களும் போர்களும் அறிவாகிவிட்டன. பெண்கள் அன்றாடம் கையாளும் அறிவை அறிவென்றே எண்ணாத பழைய வழக்கம் இது. நம் பாடத்திட்டக் குழுக்களிலும் இதை நாம் பார்த்திருக்கிறோம்.

அந்த நூல் சொல்லும் வரலாறும் எப்படிப்பட்டது? பேரரசிலிருந்து காமன்வெல்த்துக்கான மாற்றம் பெரும்பாலும் ஒழுங்காகவே நடந்தது என்பது அதன் கருத்து. பிரிவினையில் கடத்தப்பட்ட பெண்களின் பேத்திகளும் அதை மனனம் செய்து தேற வேண்டும். 2020இல் நூற்றுக்கும் மேற்பட்ட வரலாற்றாசிரியர்கள் கூட்டாக எழுதி இந்தப் பாடத்தை மறுபரிசீலனை செய்யக் கோரினார்கள். வரலாற்றறிஞர் மறுக்கும் ஒன்றைத் துப்புரவுத் தொழிலாளி 'சரி' என்று குறித்தால்தான் அவருக்கு மதிப்பெண்.

மூன்றாவது, தோல்வியின் விலை. இங்கேதான் இது பெண் பிரச்சினையாகிறது. 2012 ஜூலைக்குப் பிறகு, மனைவியாகப் போகிறவர் நிரந்தர வதிவிடம் பெற ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். முன்பு அது இரண்டாக இருந்தது. அந்த ஐந்து ஆண்டும் அவருடைய விசா கணவனைச் சார்ந்தது. முடிவில் இந்தத் தேர்வு. தேறாவிட்டால் அந்தச் சார்பு நீள்கிறது. மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், மறுபடி கணவனின் கையெழுத்து. 'நீ பாஸாகலை, நான் இல்லாட்டி உன்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க' என்று ஒருவன் சொல்வதற்கு அரசே எழுதிக் கொடுத்த வசனம் இது.

குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு விலக்கு உண்டே என்பார்கள். உண்டு. அடிபட்டதைச் சான்றோடு நிறுவினால் வதிவிடத்துக்கு இந்தத் தேர்வு தேவையில்லை. அந்த விலக்கைப் போராடி வாங்கிய பெண்களை வணங்குகிறேன். ஆனால் ஒரு பெண் தனித்து நிற்க அந்தச் சட்டம் வைத்திருக்கும் இரண்டு வழிகளைப் பாருங்கள்: 18 விடைகளைக் காட்டு, அல்லது உன் காயங்களைக் காட்டு.

இது இன்றைக்குத் தொடங்கியதல்ல. ஆஸ்திரேலியா 1901 முதல் 1958 வரை ஒரு சொல்வதெழுதுதல் தேர்வு வைத்திருந்தது. ஐம்பது சொற்கள்; மொழியைத் தேர்ந்தெடுப்பவர் அதிகாரி. வெள்ளையரல்லாதாரை வெளியே நிறுத்தச் செய்த ஏற்பாடு. 1936இல் மேபல் ஃப்ரீயர் என்ற பெண்மீது அது பாய்ந்தது. இந்தியாவில் பிறந்த வெள்ளைக்கார ஆங்கிலேயப் பெண், தாய்மொழி ஆங்கிலம். அவருக்கு இத்தாலிய மொழியில் தேர்வு வைத்தார்கள். திருமணமான ஓர் இராணுவ அதிகாரியை அவர் மணக்கப்போகிறார் என்பதுதான் குற்றம். ஒழுக்கத்தைப் பற்றிய சந்தேகத்துக்கு இத்தாலிய இலக்கணத்தால் தண்டனை! நாடே கேலி செய்த பிறகு, மறு ஆண்டு அனுமதித்தார்கள். வெள்ளைத் தோலும் ஆங்கிலமும் இருந்ததால் அவருக்கு அந்தக் கேலியாவது கைகொடுத்தது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

அமெரிக்காவில் 1962இல் மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத் தொழிலாளி ஃபேனி லூ ஹேமர் வாக்காளராகப் பதியப் போனார். பிறப்பால் குடிமகள். கறுப்பினப் பெண். மாநில அரசமைப்பிலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்து, அதை எழுதி விளக்கச் சொன்னார்கள். விளக்கம் சரியா என்று முடிவுசெய்தவர் பதிவு அலுவலர். அவர் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். 18 ஆண்டு உழைத்த தோட்டத்திலிருந்து அன்றைக்கே வெளியேற்றப்பட்டார். அங்கே சோதிக்கப்பட்டது அவருடைய சட்ட அறிவா?

ரோசிகா ஷ்விம்மரின் கதை வேறு வகை. ஹங்கேரியில் பிறந்த பெண்ணியவாதி, போர் எதிர்ப்பாளர், பல மொழி அறிந்த பேச்சாளர். அமெரிக்கக் குடியுரிமைப் படிவத்தில் ஒரு கேள்வி: தேவைப்பட்டால் நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவீர்களா? மாட்டேன் என்று நேர்மையாக எழுதினார். ஐம்பதை நெருங்கிய பெண். பெண்களைப் போர்முனைக்கே அனுப்பாத நாடு. ஆனாலும் 1929இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்குக் குடியுரிமை மறுத்தது. 1948இல் எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாமல் நியூயார்க்கில் இறந்தார். தெரியாதவள் தோற்கிறாள், தெரிந்தவளும் தோற்கிறாள். கேள்வி கேட்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

தோழிகள் சிலர் என்னோடு உடன்படமாட்டார்கள். "வாழும் நாட்டின் சட்டம் தெரிந்தால் அவளுக்குத்தானே நல்லது? தேர்வு என்று ஒன்று இருப்பதால்தானே கணவன் அவளை வகுப்புக்கு விடுகிறான்?" என்பார்கள். இந்த வாதத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை. தேர்வைச் சாக்காக வைத்து வெளியே வந்த பெண்களை எனக்கும் தெரியும். அறிவு வேண்டும் என்பதில் எனக்குச் சண்டையே இல்லை; அதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் அறிவு நல்லதென்றால் அதை இலவசமாகக் கொடுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்து, வேலை நேரத்துக்கு ஏற்ப வகுப்பு நடத்துங்கள். கற்றுக்கொள்ளாதவளை நாட்டின் வாசலிலேயே நிறுத்துவேன் என்பது கல்வி ஆகாது. இந்த அறிவு இல்லாமல் குடிமக்களாக இருக்கவே முடியாது என்றால், அங்கே பிறந்தவர்களுக்கும் 18 வயதில் அதே வினாத்தாளைக் கொடுங்கள். தோற்றவர்களின் பாஸ்போர்ட்டை வாங்கி வையுங்கள். எந்த அரசும் அதைச் செய்யாது.

நம் வீட்டையும் பார்ப்போம். இந்தியாவில் இப்படி ஒரு வினாத்தாள் இல்லை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இயல்புரிமை கோருபவருக்கு எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றில் போதிய அறிவு வேண்டும் என்கிறது. தமிழ் அதில் உண்டு. அக்கா அந்தத் தேர்வில் பிறக்கும்போதே தேறியவர். ஆனால் முகாமில் இருந்தவர்களைச் சட்டம் சட்டவிரோதக் குடியேறிகளின் கணக்கில் வைத்தது. 2019இன் திருத்தம் மூன்று நாடுகளைப் பெயர் சொல்லி அழைத்தபோது, இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. முகாமில் பிறந்து, நம் பள்ளிகளில் நம் அரசியல் சட்டத்தைப் படித்து நூற்றுக்கு நூறு வாங்கிய பெண் குழந்தைகள் இருக்கிறார்கள். அந்த மதிப்பெண் அவர்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது? சேர்க்க நினைத்தால் அரசு எதையும் கேட்காது. விலக்க நினைத்தால் எந்த விடையும் போதாது.

இதைப் படிக்கும் மாணவிகளில் சிலர் நாளை மனைவியின் விசாவில் விமானம் ஏறுவீர்கள். மாப்பிள்ளையின் சம்பளத்தையும் ஊரையும் விசாரிக்கும் வீட்டாரிடம், அந்த விசா எத்தனை ஆண்டு யாரைச் சார்ந்தது, அதன் முடிவில் என்ன தேர்வு, தோற்றால் என்ன நிலை என்பதையும் கேளுங்கள். போன இடத்தில் தேறிவிட்டால், 'நான் படித்துத் தேறினேன், அவளுக்கு என்ன?' என்று பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சொல்லாதீர்கள்.

அக்கா நான்காவது முறை தேறினார். 200 பவுன். தொலைபேசியில் அழுதார், சிரித்தார். "இனி அந்தப் புத்தகத்தை என்ன செய்யிறது?" என்று கேட்டேன், அவர் பாணியிலேயே.

"கூட வேலை செய்யிற பிள்ளைக்குக் குடுத்திட்டன். அவளுக்கு அடுத்த மாதம் தேர்வு. பாவம், கைக்குழந்தை வேற" என்றார்.