கருவிப் பயிற்சி வீண் செலவா?



சென்ற வாரம் என் முன்னாள் மாணவன் ஒருவனின் தந்தையார் தொலைபேசியில் அழைத்தார. மகன் தனியார் விமானி உரிமம் பெற்றுவிட்டான். இப்போது, வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் கொண்டு பறக்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறானாம். "பொழுதுபோக்குக்குத்தானே சார் பறக்கிறான்? வானம் தெளிவாக இருக்கும் நாளில் மட்டும் பறந்தால் போதாதா?" என்றார். சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொடுப்பவரின் நியாயமான கேள்வி. நான் விமானி அல்லன். விமான விபத்து அறிக்கைகளை விரும்பிப் படிப்பவன். அந்த அளவில் என் கருத்தை எழுதுகிறேன்.

தெளிந்த வானம் தெளிவாகவே நீடிக்கும் என்பதற்கு உறுதி இல்லை. சிக்கல் நம் காதில் இருக்கிறது. விமானம் மெல்லச் சாய்ந்து ஒரே சீராகத் திரும்பினால், உட்காதுக் குழல்களில் உள்ள நீர்மமும் சற்று நேரத்தில் அவற்றோடு சேர்ந்தே சுழலும்; திரும்புகிறோம் என்ற உணர்வே மறைந்துவிடும். பிறகு விமானத்தை நேராக்கினால், எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றும். அடிவானம் தெரிந்தால் கண் இதைத் திருத்திவிடும். மேகத்துக்குள் திருத்த எதுவும் இல்லை. விமானி உடல் சொல்வதை நம்பி மீண்டும் சாய்ப்பார். விமானம் சுழன்றபடி கீழிறங்கும்.

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரைக் கொண்டு இதைச் சோதித்தனர். வெளிக்காட்சி மறைக்கப்பட்டதும் இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தனர். சராசரி நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை! சில மணி நேரம் கற்பித்த பின்னர், ஏறக்குறைய எல்லாருமே பத்திரமாகத் திரும்பி வந்தனர். எனக்கு இந்த இரண்டாம் பகுதிதான் முக்கியம்.

1999 ஜூலை 16 இரவு, ஜான் எஃப். கென்னடி ஜூனியர் மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு மார்த்தாஸ் வின்யார்ட் தீவை நோக்கிப் பறந்தார். கடல்மேல் இருளும் மங்கலும் சூழ, திசையுணர்வு தடுமாறி விமானம் கடலில் வீழ்ந்தது. மூவரும் மாண்டனர். அன்றைய வானிலை, கண்பார்வையால் பறப்பதற்குச் சட்டம் தடைசெய்யாத வானிலை. அவர் கருவிப் பயிற்சியைத் தொடங்கி ஏறத்தாழப் பாதியை முடித்திருந்தார். அந்தப் 'பாதி' என்ற சொல்லைப் படித்தபோது மனம் கனத்தது.

நம் நாட்டில் மட்டும் என்ன? பிற்பகலில் திடீரெனத் திரளும் கருமேகத்தை நாம் அறிவோம். 2015இல் புகைமூட்டத்தால் பள்ளிகளை மூடியதை ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பயிற்சி பெற்றவர் இடிமேகத்துக்குள்ளும் நுழையலாம் என்று எண்ணிவிடக் கூடாது. சிறிய விமானத்துக்கு அது எமன். பயிற்சியும் துருப்பிடிக்கும். அமெரிக்காவில் ஆறு மாதத்துக்குள் ஆறு முறையாவது கருவிவழியில் ஓடுபாதையை அணுகிப் பழகியிருக்க வேண்டும் என்பது விதி. (நீண்ட விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகளிடம் வாய்ப்பாட்டைக் கேட்டுப் பாருங்கள், இந்த விதியின் அருமை புரியும்.)

ஆகவே ஐயா, பணம் போதாதென்றால் உல்லாசப் பறத்தலைச் சில மாதம் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பயிற்சியில் கை வைக்காதீர்கள். மகனிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: சான்றிதழ் வாங்கிய பிறகு, மாதம் எத்தனை முறை பழகுவான்?