3ஏ ஒரு இலக்கில்லை

ஏ.எல் வகுப்புத் தொடங்கி ஒரு கிழமை ஆகேல்லை. கலியாணவீட்டில் கண்ட மாமி ஒராள் கேட்டா: "என்ன பிள்ளை, பயோவோ மற்ஸோ?" அந்தக் கேள்விக்கு அஞ்சியே எங்களில் பலர் கொப்பியின் முதல் பக்கத்தில் '3ஏ' என்று எழுதினோம். அதை இலக்கென்றும் நம்பினோம். இப்ப யோசித்தால் அது வெறும் ஆசை.

பல்கலைக்கழகக் கதவைத் திறக்கிறது ஏ இல்லை, இசட் புள்ளி. 2001 இலிருந்து இதுதான் முறை. ஒரு பாடத்தில் எங்கட புள்ளி சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்குது என்று கணக்கிட்டு, மூன்று பாடத்தையும் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். அதாவது, மற்றப் பிள்ளைகள் எப்படி எழுதினார்கள் என்பதும் எங்கட முடிவுக்குள் இருக்கு. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீத இடங்கள் முழுத்தீவுக்கும் பொதுவானவை, 55 வீதம் மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாணத்து வெட்டுப்புள்ளி சோதினை முடிந்து மாதக்கணக்கானபிறகுதான் தெரியவரும். எங்கே கிடக்கென்று தெரியாத கோட்டைக் குறிவைத்து ஓடேலாது.

எங்கட கையில் இருக்கிறதைத்தான் இலக்காக வைக்கலாம். பௌதிகவியலில் 50 பல்தேர்வு வினாக்களுக்கு 2 மணித்தியாலம். ஒரு கேள்விக்கு 2 நிமிடம் 24 செக்கன். "பௌதிகத்தில் ஏ எடுக்கோணும்" என்பதை விட்டுவிட்டு, "இந்தச் சனிக்கிழமை ஒரு பாஸ்ட் பேப்பரை மணிக்கூடு வைத்துச் செய்வம், பிழைச்ச கேள்வி ஒவ்வொன்றும் எந்த அலகு என்று எழுதுவம்" என்று வைத்துப் பாருங்கோ. ஞாயிற்றுக்கிழமை என்ன படிக்கிறதென்று அந்தப் பட்டியலே சொல்லும். தெரியாமல் விட்டது எது, நேரம் காணாமல் விட்டது எது என்றும் பிரிச்சுப் பார்க்கலாம். இரண்டுக்கும் மருந்து வேற.

ரியூசனையும் சொல்லத்தான் வேணும். விடியக் காலமை ஒன்று, பள்ளிக்கூடம் விட்டு இன்னொன்று, இருட்டினபிறகு சைக்கிளில் வீடு. சேர் செய்த கணக்கைப் பார்த்தெழுதினதைப் படிச்சதென்று நினைக்கிறோம். கொப்பியை மூடிவைத்துத் தனியச் செய்யேலுமோ என்பதுதான் கணக்கு. அதுக்குக் கிழமையில் ஒரு பின்னேரமாவது ரியூசன் இல்லாமல் வேணும்.

"பெரிய கனவு வேண்டாமோ?" என்று கேட்பீர்கள். இருக்கட்டும். எங்கட ஊரில் அந்தக் கனவுக்கு ஒரு வரலாறும் இருக்கு. 1970களின் தரப்படுத்தல் எத்தனையோ பிள்ளைகளின் கம்பஸ் வாசலை அடைச்சது. ஆனால் அந்தப் பாரம் முழுவதையும் இன்றைக்கு ஒரு 19 வயதுப் பிள்ளையின் புள்ளியில் தூக்கிவைக்கிறது நியாயமில்லை. மூன்றாம் தரமும் எழுதிவிட்டு, ஆக்களின் கேள்விக்குப் பயந்து சுத்துப் பாதையால் சைக்கிள் ஓடுற அக்காவை எங்களுக்குத் தெரியும். அவ சோம்பேறி இல்லை. அவவுக்கு ஒருத்தரும் சின்ன இலக்கு வைக்கப் பழக்கேல்லை.

அதனால் மாமிமாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை கண்டால் "எத்தினை ஏ வரும்?" என்று கேளாதேங்கோ. "இந்தக் கிழமை புதுசா என்ன விளங்கினது?" என்று கேளுங்கோ. அதுக்கு எங்களிட்டப் பதில் இருக்கும்.