பேங்க் பிராக்டிகலுக்குப் போகும் பிள்ளைக்கு ஆலயம் என்ன செய்யலாம்?

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு கிளாஸ் தேத்தண்ணி வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஆலயத்தில் ஒவ்வொரு வருடமும் எஸ்.பி.எம். நல்லா எடுத்த பிள்ளைகளுக்கு மாலை போட்டு, ஹேம்பர் கொடுத்து, படம் எடுக்கிறோம். நல்ல காரியம்தான், யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை மூணு நாலு வருடம் கழித்துத் தடுக்கி நிற்கிற இடம் வேறு. யுனிவர்சிட்டி முடிகிற நேரத்தில் தொழிற்பயிற்சி என்று ஒன்று வருகிறது. பிள்ளைகள் அதைப் 'பிராக்டிகல்' என்கிறார்கள். அங்கேதான் எஸ்டேட் பிள்ளைகள் பலர் பின்வாங்குகிறார்கள். ஆலயம் கை கொடுக்க வேண்டிய இடம் அதுதான் என்பது எங்கள் கருத்து.

எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று. பேர் வேண்டாம். அம்மா தொழிற்சாலையில் எங்களோடு வேலை செய்கிறவர். பிள்ளை படித்தது நிதித்துறை. கே.எல்.லில் ஒரு பேங்கின் தலைமை அலுவலகத்தில் மூணு மாதம் பிராக்டிகல் கிடைத்தது. எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

அலவன்ஸ் மாதம் 600 வெள்ளி. ரூம் வாடகை 450. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மாதம் 50 வெள்ளி பாஸ் இருக்கிறது, அது ஒரு புண்ணியம். சாப்பாடு ஒரு நாளைக்கு 15 என்று ரொம்பச் சுருக்கிப் போட்டாலும் 450. மொத்தம் 950. மாதா மாதம் 350 துண்டு விழுகிறது. இது போக, ரூமுக்குள் கால் வைக்கும் முன்னே ரெண்டு மாத டெபாசிட்டும் முதல் மாத வாடகையும் கட்ட வேண்டும். அது 1,350. அலவன்ஸ் கைக்கு வருவது மாதக் கடைசியில். அதுவரை சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் இன்னொரு 500. ஆக, முதல் நாளே கையில் 1,850 வெள்ளி வேண்டும். 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளிதான். கல்லூரி அனுப்புகிற பயிற்சி மாணவருக்கு அந்தச் சம்பளமும் பொருந்தாது.

அந்தத் தாய் சங்கிலியை அடகு வைத்தார், பிள்ளை போனது. அதே வகுப்பில் படித்த இன்னொரு பையனும் நம் மலைப் பிள்ளைதான். அவனுக்கும் கே.எல்.லில் பேங்க் கிடைத்தது. வீட்டில் அடகு வைக்க ஒன்றுமில்லை. தாப்பாவில் தெரிந்தவர் கடையில் கணக்கு எழுதி மூணு மாதத்தை முடித்துக்கொண்டான். படிப்பில் இவனைவிட அவள் கெட்டிக்காரி என்றெல்லாம் இல்லை. சங்கிலி இருந்த வீடு, இல்லாத வீடு, அவ்வளவுதான் வித்தியாசம். நாளைக்கு ரெண்டு பேரும் ஒரே இன்டர்வியூவுக்குப் போனால் எதைப் பார்ப்பார்கள்? பேங்கில் பயிற்சி எடுத்ததைத்தான் பார்ப்பார்கள்.

"பேங்குல போய் என்ன பண்ணப் போகுது? ஜெராக்ஸ் எடுக்கும், கோப்பி கலக்கும்" என்று சிலர் சிரிக்கிறார்கள். முதல் ரெண்டு வாரம் அந்தப் பிள்ளையும் பைல்களை ஸ்கேன்தான் செய்தது. ஆனால் பைலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே செய்தது. சம்பளச் சிட்டை, இ.பி.எப். அறிக்கை, பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கை. கடன் கேட்கிற ஆள் கடந்த 12 மாதம் ஒழுங்காகக் கட்டினாரா, எந்த மாதம் தவறினார் என்று அதில் வரிசையாகத் தெரியும். மோட்டார் கடனுக்கு ரெண்டு மாதம் கட்டாமல் விட்டவர், பிறகு வீட்டுக் கடன் கேட்கும்போது ஏன் திண்டாடுகிறார் என்று பிள்ளைக்கு அங்கேதான் புரிந்ததாம்.

எங்கள் தொழிற்சாலையிலும் புதிதாக வருகிறவரை முதல் நாளே மெஷினில் விடமாட்டோம். கொழுந்து வாட்டும் தொட்டிப் பக்கம் நிற்க வைப்போம். கையால் தொட்டு, மோந்து பார்த்து, இலை எப்போது பதமாகிறது என்று கண்டுகொள்ள வேண்டும். ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து காய்ந்து ஒரு கிலோ தூள் ஆவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்குத்தான் வேலை பிடிபடும். பேங்க் வேலையும் அப்படித்தான். ஆனால் மூணு மாதமும் ஜெராக்ஸ் மட்டும் என்றால் அதற்குப் பேர் பயிற்சி இல்லை, ஓசி வேலை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் பிள்ளை திரும்பி வந்ததும் ஆலய மண்டபத்தில் ஒரு மணி நேரம் பேசச் சொன்னோம். நம் ஆட்கள் அதிகமாகக் கேட்டது பிணைக் கையெழுத்தைப் பற்றி. மச்சானுக்கு, தம்பிக்கு, கூட வேலை செய்கிறவருக்கு என்று கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர்! பிள்ளை தெளிவாகச் சொன்னது: படிப்புக் கடன், சொந்த உபயோகத்துக்கு வாங்கும் வண்டி, குடியிருக்கும் வீடு, இவற்றுக்கு லாபம் எதுவும் வாங்காமல் பிணை நின்றவரை 2017 அக்டோபரிலிருந்து திவாலாக்க முடியாது. சட்டம் மாறிவிட்டது. ஆனால் கடனைக் கட்டச் சொல்லி வழக்குப் போட இன்னமும் முடியும். ஆகவே யோசித்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். கடன் கட்ட முடியாமல் திண்டாடுகிறவர்கள் ஆ லோங்கிடம் ஓட வேண்டியதில்லை, ஏ.கே.பி.கே. 2006-இலிருந்து இலவசமாக ஆலோசனை சொல்கிறது என்றும் சொன்னது. ஸ்கேமில் மாட்டினால் உடனே 997-க்குப் போன் பண்ணச் சொன்னது. கூட்டம் கலைந்த பிறகும் நாலு பேர் தங்கள் கடன் கடிதாசியைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒரு பிள்ளை பேங்குக்குள் போய் வந்ததால் தோட்டத்துக்கே கிடைத்த லாபம் இது.

பணத் தொழில் தமிழனுக்குப் புதுசும் இல்லை. நம் நாட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த காலத்தில் சின்ன வயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு மேலாள் ஆவார்கள். அதுவும் பிராக்டிகல்தான். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: தங்குவது, சாப்பிடுவது எல்லாம் அந்தக் கிட்டங்கியிலேயே. கற்றுக்கொள்ள வருகிற பையன் எங்கே தூங்குவான், என்ன தின்பான் என்று முதலிலேயே யோசித்து வைத்திருந்தார்கள். அந்தச் சமூகத்திலிருந்து வந்த எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார்தான் 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் பேங்கைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் திறந்தார்கள்.

நம் பாட்டாளிச் சனமும் சும்மா இருக்கவில்லை. தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், 1960-இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்தார்கள், அந்தக் காசில் தோட்டமே வாங்கினார்கள். கையில் ஒன்றுமில்லாத நேரத்திலேயே நம் பெரியவர்களால் அது முடிந்தது. நமக்கு ஒரு ரூம் டெபாசிட் கட்ட முடியாதா?

இனி எதிர்ப்பேச்சுக்கு வருவோம். "கோயில் பணம் கோயிலுக்குத்தான்" என்கிறார்கள் சில அண்ணன்மார்கள். உண்டியல் பணத்தைத் தொடச் சொல்லவே இல்லை. திருவிழாவுக்கு உபயம் எடுப்பது போல இதற்கும் தனியாக ஓர் உபயம் வைக்கலாம் என்கிறோம். "போன பிள்ளைங்க திரும்பி வரவா போறாங்க?" என்றும் கேட்கிறார்கள். வராமல் போகலாம். இப்போதே வயதுப் பிள்ளைகள் மலையை விட்டு இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கொழுந்து எடுப்பதில் பங்களாதேஷ், இந்தோனேசியா, நேப்பாள ஆட்கள்தான் அதிகம். எப்படியும் போகிற பிள்ளை ஆபீசுக்குப் போகட்டுமே. மாலுக்குக் காவல் வேலைக்குத்தான் போக வேண்டுமா?

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பேங்க் பேரைக் கேட்டதும் தலையாட்டிவிடாதீர்கள். 2013 ஆகஸ்டில் லண்டனில் ஒரு பெரிய பேங்கில் பயிற்சியில் இருந்த மோரிட்ஸ் எர்ஹார்ட் என்ற 21 வயது ஜெர்மன் மாணவன் இறந்துபோனான். வலிப்பு நோயால் வந்த இயற்கை மரணம் என்றுதான் விசாரணையில் முடிவு. ஆனால் அந்தப் பையன் இரவெல்லாம் வேலை செய்தான் என்று உலகமே பேசியது. 2015-இல் கோல்ட்மேன் சாக்ஸ், பயிற்சி மாணவர்கள் நடு இரவுக்கு மேல் காலை 7 மணி வரை ஆபீசில் இருக்கக்கூடாது என்று சொல்ல வேண்டி வந்தது. ஆகவே பிள்ளையிடம் மூணு கேள்வி கேளுங்கள். அலவன்ஸ் எவ்வளவு, எந்தத் தேதியில்? வேலை நேரம் என்ன? கற்றுக்கொடுக்கப் பொறுப்பான ஆள் யார்? பயிற்சி மாணவருக்கு ஒழுங்கான அலவன்ஸ் கொடுக்கும் கம்பெனிக்கு டேலண்ட்கார்ப் திட்டத்தில் இரட்டை வரிக்கழிவே இருக்கிறது. கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

எங்கள் யோசனை இதுதான்.

ஒன்று: 20 குடும்பம், ஆளுக்கு 100 வெள்ளி. மொத்தம் 2,000. பயிற்சிக்குப் போகிற ஒரு பிள்ளைக்கு வட்டியில்லாக் கைமாற்று. பயிற்சி முடிந்ததும் டெபாசிட் 900 திரும்பி வரும், அதை உடனே ஆலயத்தில் கட்ட வேண்டும். மீதியை வேலை கிடைத்த பிறகு மாதம் 100 வீதம் கட்டட்டும். அதே பணம் அடுத்த பிள்ளைக்குப் போகும்.

ரெண்டு: கே.எல்., ஈப்போ, பினாங்கில் இருக்கும் நம் மலைச் சொந்தங்கள், ஒரு ரூம் மூணு மாதத்துக்குக் கொடுக்க முடியும் என்றால் பேர் கொடுங்கள். ரூம் கிடைத்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

மூணு: போய் வந்த பிள்ளை அடுத்துப் போகிற பிள்ளைக்கு ஒரு நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். மண்டபத்தில் எங்களுக்கும் ஒரு மணி நேரம். இதுதான் வட்டி.

கணக்கு வழக்கைப் பூசைக் கணக்கு மாதிரியே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்பதில் சொந்தம், ஜாதி, எந்தத் தோட்டம் என்று எதுவும் பார்க்கக்கூடாது. தேவையை மட்டும் பார்க்க வேண்டும்.

வருகிற ஞாயிறு காலைப் பூசைக்குப் பிறகு நிர்வாகக் கூட்டத்தில் இதைப் பேசப்போகிறோம். ஒப்புக்கொள்கிறவர்களும் வாருங்கள், ஒப்பாதவர்களும் வந்து முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அடுத்த செமஸ்டரில் இந்த மலையிலிருந்து பிராக்டிகலுக்குப் போகிற பிள்ளைகள் நாலு பேர் என்று இப்போதே தெரிகிறது. அதில் ரெண்டு வீட்டில் அடகு வைக்கச் சங்கிலி இல்லை.