தத்துவம் சோறு போடாதா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் பாளையங்கோட்டைக் கல்லூரி வாசல்கள் நிரம்பிவிடும். அம்பாசமுத்திரத்திலிருந்தும் முக்கூடலிலிருந்தும் பஸ் ஏறி வந்த குடும்பங்கள் விண்ணப்பப் படிவத்தோடு நிற்கும். அந்த வரிசையில் ஒரு பையன், தத்துவம் படிக்க ஆசை, சென்னைக்குப் போனாலும் சரி என்று வாய் திறந்தால் போதும். பெற்றவர்களோடு, பின்னால் நிற்கும் முன்பின் தெரியாத அண்ணாச்சியும் சேர்ந்துகொள்வார்: "ஏல, அதப் படிச்சு என்னல செய்யப் போற? சோறு போடுமா?"

பீடி சுற்றிச் சேர்த்த காசில் பிள்ளையைப் படிக்க வைக்கும் வீட்டுக்கு அப்படிக் கேட்க முழு உரிமை உண்டு. ஆனால் கேட்ட மூச்சிலேயே 'போடாது' என்று பதிலையும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பதிலை யாரும் விசாரித்துச் சொல்லவில்லை. ஊரே சொல்வதால் உண்மை என்று நம்பப்படுகிறது, அவ்வளவுதான்.

நெல்லையை அடுத்த அபிஷேகப்பட்டியில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு 1990-ல் சூட்டிய பெயர் யாருடையது? தத்துவத்தில் எம்.ஏ. பட்டம் பெற்ற ஒருவருடையது. 1855-ல் ஆலப்புழையில் பிறந்த பெ. சுந்தரம் பிள்ளை, பி.ஏ. முடித்த கையோடு திருநெல்வேலியில் ஆங்கிலத் தமிழ்ப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக வந்தார். பின்னாளில் ம.தி.தா. இந்துக் கல்லூரியாக வளர்ந்தது அந்தப் பள்ளிதான். கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளிடம் சைவ சித்தாந்தம் கேட்டார். 1880-ல் எம்.ஏ. பட்டம் வாங்கி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தார். நடுவில் சில ஆண்டுகள் அவர் பார்த்த வேலையை இன்று யாரும் நினைவு வைத்திருக்கவில்லை: திருவிதாங்கூர் அரசின் வருவாய்த் துறையில் சிரஸ்தார். வரியும் வரவு செலவும் பார்க்கும் பொறுப்பை ஒரு தத்துவப் பட்டதாரியிடம் நம்பிக் கொடுத்தது சமஸ்தானம். பிறகு வகுப்பறைக்கே திரும்பி வந்து, அறிவுத் துறைகளை வகைப்படுத்தி 'நூற்றொகை விளக்கம்' எழுதினார், ஞானசம்பந்தரின் காலத்தைச் சான்றுகளால் ஆராய்ந்தார், 'மனோன்மணீயம்' நாடகம் எழுதினார். 42 வயதில் இறந்தவரின் வாழ்க்கை இது. ஊரின் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் வேண்டும், அவர் படித்த படிப்பு மட்டும் வீட்டுக்கு வேண்டாம் என்றால் அதை எப்படி ஒப்புக்கொள்வது?

சுந்தரம் பிள்ளை மேதை, அவரைக் காட்டி எல்லாருக்கும் நியாயம் சொல்ல முடியாது என்பார்கள். சரி, சாதாரணப் பிள்ளையின் கணக்கையே பார்ப்போம்.

நம் வீடுகளில் வேலையில் சேரும் முதல் மாதச் சம்பளத்தை மட்டும் கேட்கிறார்கள். அந்தப் படிப்புக்காக வாங்கிய கடனை அதிலிருந்து யாரும் கழிப்பதில்லை. நான்கு லட்சம் ரூபாய் வரை ஈடு இல்லாமல் வங்கி கல்விக்கடன் தருகிறது. வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 5,300 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் ஏறிய வட்டி தனி. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் 500-ஐத் தாண்டின. பிறகு சேர ஆளில்லாமல் மூடியவை எத்தனை என்று நெல்லைக்காரர்களுக்குத் தெரியும். பொறியியல் படித்து, பதினைந்தாயிரம் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தவணைக்குக் கொடுக்கும் பையனைப் பார்த்து, உன் படிப்பு சோறு போடுமா என்று யாரும் கேட்பதில்லை. கலைப் பட்டம் மூன்றே ஆண்டு. மிச்சமாகும் ஓர் ஆண்டும் காசுதான். சென்னைக்குப் போனால் விடுதிச் செலவு உண்டு, மறுக்கவில்லை. அதையும் சேர்த்தே கூட்டிப் பாருங்கள்.

அடுத்தது வேலை. வங்கி அதிகாரித் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வுக்கும் ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். குடிமைப் பணித் தேர்வில் 2013 முதல் அறவியலுக்கென்று 250 மதிப்பெண்ணில் ஒரு தாள் இருக்கிறது. தத்துவத்தை விருப்பப் பாடமாக எடுத்தால் இன்னும் 500. எழுத்துத் தேர்வின் 1,750 மதிப்பெண்ணில் 750 இந்தப் படிப்பின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. அந்தத் தேர்வில் வெல்பவர்கள் மிகச் சிலர், அதைக் காட்டி யாருக்கும் ஆசை மூட்ட மாட்டேன். எனக்குப் பெரிதாகத் தெரிவது சட்டம். திருநெல்வேலியிலேயே 1996 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஏதாவது ஒரு பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு சட்டப் படிப்பு. 2004-ல் உயர் நீதிமன்றக் கிளை மதுரைக்கே வந்துவிட்டது. எதிராளியின் வாதத்தில் எந்த இடத்தில் ஓட்டை, எந்த முடிவுக்குச் சான்று போதாது என்று தத்துவ வகுப்பில் மூன்று ஆண்டு பழகி வந்தவருக்கு வழக்குக் கட்டு எப்படிப் புதிதாக இருக்கும்?

அமெரிக்காவில் பேஸ்கேல் நிறுவனம் 2008-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. தத்துவப் பட்டதாரியின் தொடக்க வருமானம் ஆண்டுக்கு 39,900 டாலர், பணியின் நடுப்பருவத்தில் 81,200. இரண்டு மடங்குக்கு மேல். கணினி அறிவியல் படித்தவர் 55,900-ல் தொடங்கி 95,500-க்கு வந்தார். அப்போதும் கணினிக்காரர்தான் முன்னால் நிற்கிறார், ஆனால் இடைவெளி சுருங்குகிறது. அங்குள்ள நிலைமை இங்கே அப்படியே பொருந்தாது. முதல் சம்பளத்தை வைத்து ஆயுள் வருமானத்தைச் சொல்ல முடியாது என்பது மட்டும் எங்கும் பொருந்தும்.

வசதி உள்ள வீட்டுப் பிள்ளைதான் தத்துவம் படிக்கலாம் என்ற பேச்சும் உண்டு. குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அந்தப் பாடத்தை எடுத்ததற்குக் காரணமே வறுமை. படித்து முடித்த உறவினர் ஒருவரின் தத்துவப் புத்தகங்கள் காசில்லாமல் கிடைத்தன.

என் வாதத்தில் பலவீனமான இடம் ஒன்று இருக்கிறது. ஆசிரியர் இல்லாமல், தமிழில் நல்ல பாடநூல் இல்லாமல், குறிப்பேட்டை மனப்பாடம் செய்து வாங்கும் தத்துவப் பட்டத்துக்கு மதிப்பு கிடையாது. ஆனால் இதில் நம் பங்கும் உண்டு. பிள்ளைகளை அனுப்பாததால் வகுப்புகள் சுருங்குகின்றன, வகுப்பு சுருங்கினால் ஆசிரியர் பணியிடம் போகிறது, அது போனதும் 'பார்த்தீர்களா, வேலை இல்லை' என்கிறோம்.

எனவே கல்லூரி நிர்வாகங்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். கலைக் கல்லூரியோ பொறியியல் கல்லூரியோ, ஒவ்வொரு பாடப்பிரிவிலும் படித்து வெளியேறியவர்கள் ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் என்ன வேலையில் இருக்கிறார்கள், என்ன சம்பளம், எவ்வளவு கடன் பாக்கி என்ற விவரத்தைச் சேர்க்கைக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வளாகத் தேர்வில் வேலை கிடைத்த நாலு பேர் படத்தை மட்டும் சாலையோரம் பெரிதாக வைப்பதை நிறுத்துங்கள்.