ஒரே எண்ணில் இரண்டு தட்டுகள்!

சைக்கிள் கடையில் ஒரு போல்ட் கேட்டால், டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டி, ஏறக்குறைய அளவு ஒத்துவருவதைத் தேடி எடுத்துக் கொடுப்பார்கள். சைக்கிளும் ஓடும். விமானத்தில் அந்தக் கதை நடக்காது. எஞ்சினுக்குள் சுழலும் தட்டு மாதிரியான முக்கிய பாகங்கள் ஒவ்வொன்றிலும் பாக எண்ணும் வரிசை எண்ணும் அழியாதபடி இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விமான விதிகளின் 45-ஆம் பகுதி. "ஒரு எண்ணுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் 1989-க்குப் போய் வர வேண்டும்.

அந்த வருடம் ஜூலை 19. டென்வரிலிருந்து சிகாகோ போன யுனைடெட் 232, ஒரு டிசி-10 விமானம். நடுவானில் வால் பகுதி எஞ்சினின் விசிறித் தட்டு வெடித்துச் சிதறியது. சிதறிய துண்டுகளால் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் போயின. மீதி இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே விமானத்தை அயோவாவின் சூ சிட்டி வரை கொண்டுவந்தார்கள். இருந்த 296 பேரில் 112 பேர் இறந்தார்கள், 184 பேர் பிழைத்தார்கள். விமானிகளின் சாமர்த்தியத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அந்தத் தட்டைப் பற்றித்தான் அதிகம் பேச்சில்லை.

தட்டு மூன்று மாதம் கழித்து ஒரு சோளக்காட்டில் கிடைத்தது. டைட்டானியத்தை உருக்கிய காலத்திலேயே உள்ளே தங்கிவிட்ட ஒரு சிறு குறை. அங்கிருந்து தொடங்கிய விரிசல் வருடக்கணக்கில் வளர்ந்திருந்தது. தட்டின் வரிசை எண் எம்.பி.ஓ. 00385. எண் இருக்கிறது, தயாரித்த ஜெனரல் எலெக்ட்ரிக்கின் பதிவேடுகளைப் புரட்டினால் ஜாதகமே வந்துவிடும் இல்லையா?

வந்தது. ஒன்றல்ல, இரண்டு! அதே எண்ணில் இரண்டு தட்டுகள் பதிவாகியிருந்தன. ஒன்று அல்ட்ராசானிக் சோதனையில் தேறாமல் நிராகரிக்கப்பட்டது. மற்றது தேறியது. நிராகரித்த தட்டு கடைசியில் என்ன ஆனது என்பதற்குத் தெளிவான பதிவு இல்லை. தட்டை அடித்து உருவாக்கிய அல்கோவாவின் பதிவுகளோ ஜெனரல் எலெக்ட்ரிக்கின் பதிவுகளோடு ஒத்துவரவில்லை. உலோகத்தை வேதியியல் முறையில் ஆராய்ந்தும் முடிவு கிடைக்கவில்லை. பறந்தது தேறிய தட்டா, தேறாததா? காகிதம் கைவிரித்துவிட்டது.

இது வெறும் துப்பறியும் கதை இல்லை. ஒரே உருக்கில் பிறந்த மற்ற தட்டுகள் வேறு விமானங்களில் பறந்துகொண்டிருக்கும். அவற்றை இறக்க வேண்டுமென்றால் எண்ணைச் சொல்லித்தான் உத்தரவு போட முடியும். பதிவே தப்பு என்றால், இறக்க வேண்டியது பறந்துகொண்டிருக்கும், நல்லது தரையில் கிடக்கும். அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் அறிக்கையில் இந்தக் கவலையை வெளிப்படையாகவே சொன்னது.

ஆக, பொறிப்பது என்பது பாதி வேலைதான். (அந்தப் பாதியும் சுலபமில்லை. ஆழமாகக் குத்தினால் அங்கேயே விரிசல் பிறக்கும்; மேலோட்டமாகப் போட்டால் அழிந்துவிடும். அதனால்தான் எந்த இடத்தில், எந்த முறையில் என்று வரைபடத்திலேயே குறிப்பார்கள்: புள்ளிக் குத்து, லேசர், மின்வேதி அரிப்பு...) இப்போது டேட்டா மேட்ரிக்ஸ் என்ற குட்டிச் சதுரக் குறியீடு வந்திருக்கிறது. கொஞ்சம் கீறினாலும் படிக்கும். கையால் எழுதும்போது வரும் பிழை போகும், நல்லதே. ஆனால் ஒரே எண்ணை இரண்டு முறை கொடுத்தால் சதுரமும் சமத்தாக இரண்டு முறை காட்டும்! தடுக்க வேண்டியது பதிவேடு.

சின்ன பாகங்களின் நிலைமை இன்னும் மோசம். அதே 1989 செப்டம்பரில், ஓஸ்லோவிலிருந்து ஹாம்பர்க் போன பார்ட்நேர் விமானம் டென்மார்க் அருகே கடலில் விழுந்து 55 பேரும் இறந்தார்கள். வால் துடுப்பைப் பிடித்திருந்த போல்ட்டுகள் தேவையான கடினம் இல்லாத தரமற்ற சரக்கு என்று விசாரணையில் தெரிந்தது. இப்படிப் பொடிப் பொருள்களில் ஒவ்வொன்றுக்கும் தனி எண் போடுவது நடக்கிற காரியமில்லை. கூட வரும் சான்றிதழ்தான் சாட்சி. அந்தச் சாட்சியும் பொய் சொல்லும். 2023-இல் லண்டனின் ஏஓஜி டெக்னிக்ஸ் விற்ற எஞ்சின் பாகங்களின் சான்றிதழ்கள் போலி என்று தெரிந்தபோது, பல நாட்டு நிறுவனங்கள் எஞ்சின்களைக் கழற்றிப் பார்க்க வேண்டி வந்தது. பிடிபட்டது எப்படி? போர்ச்சுகலின் டாப் நிறுவனப் பராமரிப்பாளர்களுக்குப் புதிது என்று வந்த ஒரு பாகம் பழையதாகத் தெரிந்தது, சஃப்ரானிடமே கேட்டார்கள். அவ்வளவுதான்! இப்படிக் கேட்பது சந்தேகம் வந்தால் மட்டும் செய்கிற வேலையாக இல்லாமல், வாங்கும்போதே செய்கிற வேலையாக இருக்க வேண்டும். செலவாகும், தாமதமாகும் என்பார்கள். ஆகட்டுமே. கழற்றிய எஞ்சின்களுக்கு ஆன செலவு குறைவா என்ன?

இன்னொன்று, நிராகரித்த பாகம். மறுபடி யாரும் பொருத்த முடியாதபடி அன்றைக்கே அதை வெட்டிப் போட்டு, எண்ணுக்கு எதிரே தேதியோடு ஒரு வரி எழுதிவிட வேண்டும். அந்த ஒரு வரி அன்றைக்கு எழுதப்பட்டிருந்தால், 00385 எது என்ற கேள்வியே எழுந்திருக்காது.