பாய்வதற்கு முன்

மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டபோது, விடுதி வாழ்க்கையின் இனிய நினைவுகளையோ, ஓய்ந்துபோன ஆசிரியப் பெருந்தகைகளின் குணநலன்களையோ நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பர். அவற்றை என்னினும் திறம்பட எழுதவல்லோர் பலர் உளர். நான் எழுதப் புகுந்தது வேறொரு பொருள். அறுபத்து மூன்று வயது நிரம்பிய நான், நுவரெலியாவில் இளைப்பாறிய ஆசிரியனாக அமைதியாக வாழ்ந்துவரும் நான், ஆகாயவிமானத்திலிருந்து கீழே குதிப்பதற்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருக்கிறேன். இச்செய்தியைப் படித்து நகைப்பவர் நகைக்கலாம். ஆயின் நகைத்தபின் சிறிது பொறுத்து மேலும் படிக்குமாறு வேண்டுகிறேன்.

அவுஸ்திரேலியாவில் வாழும் என் மகன் அடுத்த விடுமுறைக்கு எங்களை அழைத்திருக்கிறான். அங்கே தான் ஒருமுறை அவ்வாறு குதித்ததாகவும், விருப்பமாயின் அப்பாவும் குதிக்கலாமென்றும் கடிதத்தின் அடியில் விளையாட்டாக எழுதியிருந்தான். விளையாட்டாக எழுதியதை நான் வினையாக எடுத்துக்கொண்டேன். என் மனைவி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. உடன் படிப்பித்த நண்பர் ஒருவர், "இளைப்பாறும்போது உத்தியோகத்தை மட்டுமா விட்டீர், புத்தியையும் சேர்த்தா?" என்று கேட்டார். அவருக்கு அன்று விடை சொல்ல இயலவில்லை. இக்கட்டுரையே அதற்கு விடை.

முதலில் இச்செயல் யாதென அறிந்துகொள்வோம். தனியாகக் குதிப்பவன் பல நாட் பயிற்சி பெறுதல் வேண்டும். முதன்முறை குதிப்பவனுக்கு அவ்வளவு பயிற்சி இல்லாமையால், அவனைப் பயிற்றுநர் ஒருவரின் மார்போடு பிணைத்துவிடுகின்றனர். இரு தோள்களிலும் இரண்டு, இடுப்பின் இரு பக்கங்களிலும் இரண்டு, ஆக நான்கு கொளுவிகள். ஏறத்தாழ 12,000 அடி உயரத்தில் இருவரும் ஒருவராய் விமானத்தை விட்டு நீங்குகின்றனர். நீங்கிய சில விநாடிகளில் பயிற்றுநர் ஒரு சிறு வான்குடையை வெளியே விடுகிறார். இருவர் பாரத்தால் மிகுந்துபோகும் வேகத்தை, ஒருவர் தனியே விழும் வேகமாகிய மணிக்கு 190 கிலோமீற்றர் அளவுக்கு அது குறைத்துவைக்கும். முக்கால் நிமிட அளவு விழுந்தபின், 5,000 அடி உயரத்தளவில் பெரிய வான்குடை விரியும். அதன்பின் ஐந்தாறு நிமிடம் மெல்ல மிதந்து தரையை அடைவர். இருவருக்குமான இவ்வான்குடை முறை 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருப்பெற்றது.

இவ்வளவுதான் செயல். இதில் வீரம் எங்கே இருக்கிறது என்பதே என் வினா. குதிக்கும் கணத்தில் இல்லை என்பது என் துணிபு. அந்தக் கணத்தில் முன்னே பிணைக்கப்பட்டவன் செய்வது மிகச் சொற்பம்; பயிற்றுநர் நகர்ந்தால் அவனும் நகர்வான். வீரம் என ஒன்று இருக்குமாயின், அது அதற்கு முந்திய நாட்களிலே, யாரை நம்புவது, எதை நம்புவது என்று ஆராயும் பொறுமையிலே இருக்கிறது. வள்ளுவப் பெருந்தகை 'தெரிந்துதெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராயாது நம்புதலும் பிழை. ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுதலும் பிழை. வான்குடையால் இறங்குவோனுக்கு இவ்விரண்டையும்விட வேறு பாடம் தேவையில்லை.

வான்குடையின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. 1797ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆம் நாள், பரிஸ் நகரில் அந்திரே கார்னரென் என்பவர் பலூன் ஒன்றில் உயர ஏறி, சட்டமில்லாத துணிக் குடையொன்றால் இறங்கினார். உயிர் பிழைத்தார்; ஆயின் இறங்கும் வழியெல்லாம் அவரது கூடை கடிகார ஊசலைப்போல ஆடி அலைந்தது. குடையினுள் அடைபட்ட காற்று வெளியேற வழியின்றி விளிம்புகளால் மாறிமாறி வழிந்ததே காரணம். பின்னர் குடையின் உச்சியில் ஒரு துவாரம் வைத்தனர், ஆட்டம் தணிந்தது. துணிவு அவரை மேலே ஏற்றியது. ஆராய்ச்சியே பின்வந்தோரை அமைதியாக இறக்கியது.

மற்றுமொரு வரலாறு. 1944ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதம், பசிபிக் சமுத்திரத்தின் மேல் அமெரிக்கக் கடற்படை விமானமொன்று சுடப்பட்டுத் தீப்பற்றியது. அதனை ஓட்டிய இருபது வயது இளைஞர் வான்குடையோடு குதித்து உயிர்தப்பினார். உடன்சென்ற இருவரும் மாண்டனர். அவ்விளைஞரே பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜோர்ஜ் புஷ் (மூத்தவர்). அவர் 2014ஆம் ஆண்டு, தமது தொண்ணூறாவது பிறந்தநாளன்று, நடக்க இயலாத நிலையிலும், பயிற்றுநர் ஒருவரோடு பிணைக்கப்பட்டு மீண்டும் குதித்தார். முதலாவது குதிப்பை விதி அவர்மேற் சுமத்தியது. இறுதிக் குதிப்பை அவரே தெரிந்தெடுத்தார். ஆபத்து ஒன்றாகத் தோன்றினும் இரண்டும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டுக்குப் பின்னர் மீண்டும் வருவேன்.

இனி என் ஆயத்தம். முதலாவது உடல். வைத்தியர் இரத்த அழுத்தத்தையும் இருதயத்தையும் முதுகெலும்பையும் சோதித்து, "போகலாம்; ஆயின் தடிமன் இருந்தால் போகவேண்டாம்" என்றார். நுவரெலியாவில் வாழ்பவனிடம் தடிமன் இல்லாதிருக்கச் சொல்வது, மீனிடம் நனையாதிருக்கச் சொல்வது போன்றது. எனினும் காரணம் தெளிவானது. கம்பளையிலிருந்து இறம்பொடை வழியாக பஸ்ஸில் ஏறிவருவோர் காதடைப்பை அறிவர். மூக்கடைத்திருக்கும்போது, பல்லாயிரம் அடியிலிருந்து சில நிமிடங்களில் இறங்கினால் அந்த அடைப்பு வலியாகவும் காயமாகவும் மாறும்.

இரண்டாவது குளிர். ஆயிரம் அடி ஏறுந்தோறும் ஏறக்குறைய இரண்டு பாகை செல்சியஸ் வெப்பம் குறைகின்றது. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 6,128 அடி உயரத்திலும், இலங்கையின் மிக உயர்ந்த பிதுருதலாகலை 8,281 அடி உயரத்திலும் உள்ளன. நான் குதிக்கவிருப்பது அம்மலையுச்சியைவிடவும் மூவாயிரத்து எழுநூறு அடி மேலே. தை மாசி மாதங்களில் புல்நுனியில் உறைபனி காணும் எமக்கு அக்குளிர் புதிதன்று. மற்றவர் கையுறையை மறவாதிருப்பாராக.

மூன்றாவது உடற்பயிற்சி. விமானத்தை நீங்கும்போது இடுப்பை முன்தள்ளி, தலையைப் பயிற்றுநரின் தோளிற் சாய்த்து, கால்களைப் பின்னே மடித்து, வில்போல் வளைந்திருத்தல் வேண்டும். தரையிறங்கும்போதோ இரு கால்களையும் முன்னே உயர்த்திப் பிடித்தல் வேண்டும்; முதலிற் பயிற்றுநரின் கால்களே நிலத்தைத் தொடவேண்டும். முதன்முறை குதிப்போர் பதற்றத்தால் தாமே காலூன்ற முயன்றால் கணுக்காலை முறித்துக்கொள்ள நேரலாம். ஆகையால் ஒவ்வொரு காலையும் கட்டில் விளிம்பில் அமர்ந்து கால்களை உயர்த்தி இருபது எண்ணுகிறேன். முதல் நாள் ஏழு எண்ணவே இயலவில்லை. என் மனைவி இப்போது எண்ணிக்கையை உரக்கச் சொல்கிறாள். பேச்சு மீண்டது இவ்வாறே.

நான்காவது, எல்லாவற்றிலும் முதன்மையானது, கேட்கவேண்டிய கேள்விகள். பயிற்றுநர் எத்தனை முறை குதித்தவர்? அமெரிக்காவில் முதன்முறை வருவோரைச் சுமக்கும் பயிற்றுநர் குறைந்தது 500 முறை குதித்தும், மூன்றாண்டு அனுபவம் பெற்றும் இருத்தல் விதி. மேலதிக வான்குடையை இறுதியாகச் சோதித்து மடித்தவர் யார், எந்நாளில்? குறித்த உயரத்துக்குக் கீழும் வேகம் குறையாவிடின் மேலதிக வான்குடையைத் தானே விரிக்கும் கருவி பொருத்தப்பட்டுள்ளதா? எவ்வளவு காற்று வீசினால் நிறுத்துவர்? இறுதிக் கணத்தில் நான் மறுத்தால் என்னை விமானத்திலேயே இறக்குவரா? இவற்றைக் கேட்க வெட்கப்படுபவன் குதிக்கத் தகுதியற்றவன். கேட்டால் சினக்கும் நிறுவனம் குதிப்பிக்கத் தகுதியற்றது. அமெரிக்கப் பரசூட் சங்கம் தரும் கணக்கின்படி இவ்வகைக் குதிப்பில் மாணவர் இறப்பது ஐந்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவினது. அது மிகச் சிறிய எண். ஆயின் சூனியம் அன்று. கையெழுத்திடும் பத்திரத்தில் அவ்வுண்மை எழுதியிருக்கும். அதைப் படித்தே கையெழுத்திட வேண்டும்.

ஆராயாமையின் விளைவு யாதென்பதற்கு எமது மலைகளே சாட்சி. 1974ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த ஒல்லாந்து நாட்டு மார்ட்டின்எயர் விமானம், கட்டுநாயக்காவில் இறங்கவேண்டியது, மஸ்கெலியாவுக்கு அண்மையிலுள்ள ஏழுகன்னியர் மலையில் மோதிற்று. 191 பேரும் மாண்டனர். தாம் எங்கே இருக்கிறோம் என்பதைச் சரிவர நிச்சயிக்காமலே பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதே விபத்துக்குக் காரணமென விசாரணை முடிவு கூறிற்று. வானத்தில் ஒருவன் முதலில் அறியவேண்டியவை இரண்டு: நான் எங்கே நிற்கிறேன், எவ்வளவு உயரத்தில் நிற்கிறேன். பயிற்றுநரின் மணிக்கட்டில் உயரமானி கட்டியிருப்பது அலங்காரத்துக்கன்று.

பயத்தைப் பற்றியும் ஒரு சொல். மாணவரை ஹோட்டன் சமவெளிக்குப் பலமுறை அழைத்துச் சென்றிருக்கிறேன். 'உலக முடிவு' என்னும் அம்மலை விளிம்பில் நிற்கும்போதெல்லாம் என் முழங்கால்கள் நடுங்கின. நடுங்காததுபோல் நடித்தேன். இன்று அதற்காக நாணுகிறேன். "எனக்கும் பயமாக இருக்கிறது, ஆகவேதான் இரண்டடி பின்னே நிற்கிறேன்" என்று சொல்லியிருந்தால் அம்மாணவர் ஒரு நல்ல பாடம் படித்திருப்பர். பயம் எதிரியன்று, எதைச் சோதிக்கவேண்டும் என்று சுட்டிக்காட்டும் விரல் அது. பயமில்லாதவன் கொளுவியைச் சோதிப்பதில்லை.

இனி என் நண்பர் தொடுத்த பலமான கணையை எதிர்கொள்கிறேன். "மலைச்சரிவில் மழையிலும் அட்டைக்கடியிலும் கூடையைச் சுமந்து கொழுந்து பறிக்கும் பெண் நாள்தோறும் வழுக்கி விழும் ஆபத்தில் நிற்கிறாள். அவளுக்குக் கூலி போதாது. நீரோ பணங்கொடுத்து ஆபத்தை வாங்கப் போகிறீர். இது எவ்வகை நியாயம்?" என்றார் அவர்.

இக்கேள்வி என்னைப் பல இரவு உறங்கவிடவில்லை. மறுக்கவும் என்னால் இயலாது. ஆயின் அதிலிருந்து நான் கண்ட முடிவு வேறு. இன்பத்துக்காகக் குதிக்கும் எனக்கு இரண்டு வான்குடை, நான்கு கொளுவி, தானியங்கும் கருவி, பலமுறை சோதனை, மறுக்கும் உரிமை. வயிற்றுக்காக மலையேறுபவளுக்கும், சரிவின் கீழே லயன் வீட்டில் உறங்கும் அவள் பிள்ளைகளுக்கும் இவற்றுள் எது உண்டு? 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, ஆயத்தம் இருக்கவில்லை. தெரிந்தெடுத்த ஆபத்துக்கு இத்தனை கவசம் செய்யவல்ல உலகம், சுமத்தப்பட்ட ஆபத்துக்கு ஒன்றும் செய்யாதிருப்பதே அநியாயம். என் குதிப்பை நிறுத்துவதால் அந்த அநியாயம் நீங்காது. கேட்கக் கற்ற கேள்விகளை அவர்களுக்காகவும் கேட்டால் ஒருவேளை நீங்கலாம். இச்சரிவைச் சோதித்தவர் யார்? எந்நாளில்? மழை எவ்வளவு பெய்தால் மக்களை அகற்றுவீர்? எங்கே தங்கவைப்பீர்? இவை வான்குடைக் கேள்விகளே.

ஆகவே இன்று கல்லூரியில் பயிலும் தம்பியருக்குச் சொல்வது இது. துணிவு வேண்டும் என்று மேடைதோறும் உங்களுக்குச் சொல்வார்கள். அதனோடு கேள்வியும் வேண்டும் என்று நான் சொல்கிறேன். உங்களைத் தாங்கப்போகும் கயிற்றைத் தொட்டுப் பாருங்கள். தொட்டுப் பார்க்க வாய்ப்பில்லாதவரின் கயிற்றையும் பாருங்கள். பார்த்துத் தெளிந்தபின், பின்னிருப்பவரை முழுதும் நம்பித் தலையை அவர் தோளிற் சாய்த்துவிடுங்கள். எமது கல்லூரி ஆசிரியர்களை நாம் ஒருகாலத்தில் அவ்வாறே நம்பினோம்; அவர்களும் எம்மைப் பழுதின்றித் தரையில் இறக்கிவிட்டார்கள்.

நான் குதிப்பேனா என்பது இன்னும் நிச்சயமன்று. அன்று காற்று மிகுந்திருக்கலாம், மேகம் மூடலாம், எனக்குத் தடிமன் பிடிக்கலாம், விமானக் கதவு திறந்தபின் என் மனமே மறுக்கலாம். அப்போது விமானத்திலேயே இருந்து இறங்கிவருவேன். அதையும் தோல்வியாகக் கொள்ளமாட்டேன். எப்படியாயினும், நாளைக் காலையும் கட்டில் விளிம்பில் அமர்ந்து கால்களை உயர்த்துவேன். நேற்று பதினெட்டு வரை எண்ணினாள்.

— ஒரு பழைய மாணவன், நுவரெலியா