வீடும் பசுமையும்: மார்கழி வாசலுக்கு ஒரு தொட்டி



சென்ற திங்கள் இப்பகுதியில், மழைக்காலத்தில் செடிகளின் வேர் அழுகாமற் காக்கும் வகையைப் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த மட்டாஞ்சேரி அன்பர் ஒருவர் சங்கக் கூட்டத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "மழையை விடுங்கள், மார்கழியும் தையும் வருகின்றனவே! முற்றமில்லாத வீட்டு வாசலை எப்படிப் பசுமையாக்குவது?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. வெளியூர் வந்து வாடகை வீட்டில் குடியிருக்கும் நம்மிற் பலருக்கு வாசல் என்பது இரண்டு படிகளும் ஒரு சிறு நடையுமே ஆகும். கோலமிடவே இடம் போதாது. தோரணம் கட்ட மரம் ஏது? எனினும் அந்தப் படியோரத்தில் ஒரு தொட்டி வைக்க இடமுண்டு. அத்தொட்டியைப் பற்றியே இத்திங்கள் எழுதப் புகுந்தேன்.

அதற்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். என் தந்தையார் மறைந்து ஓராண்டு கழிந்தபின், பவானிப் பக்கத்துச் சிற்றூரில் தனித்திருந்த என் அன்னையாரை ஏலூருக்கு அழைத்து வந்தேன். அவ்வாண்டுப் பொங்கலுக்கு முதல் நாள், அலுவலகத்தில் கணக்கு முடித்து வீடு திரும்பும்போது இரவாகிவிட்டது. தோரணத்துக்கு மாவிலை இல்லை. பக்கத்து வீட்டு மாமரத்தின் கிளையொன்று நம் மதிலின்மேற் சாய்ந்திருந்தது. யாரையும் எழுப்ப வேண்டாம் என்று எண்ணி, நான்கு கொம்புகளை நுனியோடு ஒடித்துக் கொண்டேன்.

மறுநாட் காலை அவ்வீட்டு மூதாட்டியார் மதிலருகே வந்து நின்றார். கோபமாகப் பேசவில்லை. "மோனே, இலை வேண்டுமென்றால் கேட்டிருக்கலாமே, பூ வரும் கொம்பையல்லவா ஒடித்துவிட்டாய்!" என்றார். நான் தலைகுனிந்தேன். மாமரம் கிளையின் நுனியிலேதான் பூங்கொத்து விடும். இந்நாட்டில் அது பூக்கும் காலமும் மார்கழி, தையை ஒட்டியதே. நான் ஒடித்தது இலையன்று, அவர் வீட்டுக் கோடைக்கால ஊறுகாய்.

அன்று என் அன்னையாருக்கும் மனநிறைவில்லை. எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு முன்னாள் 'காப்புக் கட்டு' என்று ஒரு வழக்கமுண்டு. வேப்பிலை, மாவிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகியவற்றைக் கொத்தாகக் கட்டி, வீட்டுக் கூரையிலும் மாட்டுக் கொட்டகையிலும் வயலிலும் செருகுவர். "பூளைப்பூ இல்லாமல் என்ன காப்பு?" என்று கூறி, அவர் வாசற்பக்கமே வரவில்லை. நான் வாங்கி வந்த பிளாஸ்டிக் தோரணத்தைக் கையாலும் தொடவில்லை.

அந்த நாளில் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான். பண்டிகைக்குப் பசுமை வேண்டுமென்றால் அதனைப் பண்டிகைக்கு முன்னாள் இரவு தேடக்கூடாது. இரண்டு திங்களுக்கு முன்னமே வேரோடு வைத்து வளர்க்க வேண்டும்.

குளிர்நாடுகளில் வழக்கம் வேறு. கனடா, இங்கிலாந்து போன்ற இடங்களில் டிசம்பர் மாதத்தில் வீட்டு வாசலிலுள்ள தொட்டிகளில் பைன், ஃபர், ஹாலி முதலிய மரங்களின் கிளைகளை வெட்டிச் செருகி வைப்பர். குளிரினால் அக்கிளைகள் பல வாரம் வாடாதிருக்கும். கடுங்குளிரில் மண் உறைந்து அவற்றை அசையாமற் பிடித்துக்கொள்ளும். படத்திற் பார்த்து நாமும் அவ்வாறு செய்தால் ஏமாற்றமே மிஞ்சும். கொச்சியில் மார்கழிப் பகலிலும் வெப்பம் 30 பாகையைத் தாண்டுவது வழக்கம். வெட்டிய கிளை இரண்டு நாளிற் சுருண்டுவிடும். மாவிலை தடித்த இலையாதலால் சில நாள் தாங்கும். வேப்பிலையோ மறுநாளே உதிரத் தொடங்கும். ஆகையால் நம் வாசலுக்கு ஏற்றது, வெட்டிய பசுமையன்று, வேருள்ள பசுமையே.

இனித் தொட்டிக்கு வருவோம்.

வாயகலம் 12 அங்குலமுள்ள மண்தொட்டி போதும். அடியில் துளை இருக்க வேண்டும். துளையின்மேல் உடைந்த ஓட்டுச் சில்லுகளைக் கவிழ்த்து வையுங்கள். நீர் வடியும், மண் போகாது. மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு என்று கலந்து நிரப்பலாம். நார்க்கழிவை அப்படியே போட்டுவிடாதீர்கள். காயல் நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததானால் அதில் உப்பிருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிப் பிழிந்த பின்னரே சேர்க்க வேண்டும்.

மண்ணைப் பற்றி ஏலூர் அன்பர்களுக்குத் தனியே ஒரு சொல். நம்மூர் 1947-இல் உர உற்பத்தி தொடங்கிய காலம் முதல் ஆலைகள் பல பெருகிய ஊர். குழிக்கண்டம் தோட்டில் கழிவு படிந்த செய்தியும் நெடுநாளாக யாவரும் பேசுவதே. ஆகவே ஓடைக்கரையிலும் தெருவோரத்திலும் மண் அள்ள வேண்டாம். தொட்டியில் நடும் துளசியையும் கற்பூரவல்லியையும் குழந்தைகளுக்குச் சளி பிடித்தால் கிள்ளிக் கொடுப்போமன்றோ! நன்கறிந்த இடத்து மண்ணையே வாங்கிப் பயன்படுத்துங்கள்.

செடிகளை அமைப்பதில் மூன்று நிலைகளை நினைவிற் கொள்வது எளிது. நடுவில் உயர்ந்து நிற்பது ஒன்று. அதனைச் சுற்றி அடர்ந்து நிறைப்பது ஒன்று. விளிம்பில் வழிந்து தொங்குவது ஒன்று. நடுவில் பலவண்ண இலையுள்ள குரோட்டன்ஸ் வைக்கலாம். பூவில்லாத நாளிலும் அது வாசலுக்கு நிறம் தரும். அதன் பால் வாயிற் படலாகாது. தவழும் குழந்தையுள்ள வீட்டார் அதற்கு ஈடாகத் துளசியை நடுக. சுற்றிலும் செண்டுமல்லி. ஐப்பசி முதல் வாரத்தில் விதைத்தால் மார்கழியிற் பூத்துப் பொங்கல் வரை நிற்கும். ஆவாரம்பூ வறண்ட நிலத்துப் பூவாதலால் இங்கே கிடைப்பது அரிது. காப்புக் கட்டுக்கு அதன் மஞ்சளையும் இச்செண்டுமல்லியே ஈடு செய்யும். விளிம்பில் கற்பூரவல்லி. ஒரு சாண் தண்டை ஒடித்துச் செருகினாலே வேர்விட்டு வழியத் தொடங்கும்.

மண்தொட்டி காற்றை உள்வாங்கும். அதுபோலவே ஈரத்தையும் விரைவில் விடும். ஐப்பசி மழை ஓய்ந்தபின் நாள்தோறும் காலையில் நீர் ஊற்ற வேண்டும். தொட்டியின் கீழே தட்டு வைப்பவர்கள் அதில் நீர் தேங்க விடலாகாது. ஒரு வாரம் தேங்கினால் கொசு பிறந்துவிடும். விருந்தினரை வரவேற்க வைத்த தொட்டி, கொசுவையும் வரவேற்கக் கூடாது.

இப்போது பூளைப்பூவின் கதைக்கு வருகிறேன்.

மறு ஆண்டு மார்கழியில், கோயம்புத்தூரிலிருந்து வந்த நண்பர் ஒருவரிடம் சொல்லி ஒரு கட்டுப் பூளைப்பூ வரவழைத்தேன். இரயிற் பெட்டியின் நெரிசலில் நசுங்கி வந்து சேர்ந்தது. அதனைப் பிரித்து உலர்த்திக் கொண்டிருக்கும்போது, பக்கத்து வீட்டு மூதாட்டியார் மதில் வழியே பார்த்துவிட்டு, "இது செறூளையல்லவா! இதற்கா கோயம்புத்தூர் வரை ஆள் விட்டாய்?" என்று சிரித்தார். உள்ளே அழைத்துச் சென்று, தம் கிணற்றோரத்தைக் காட்டினார். வெண்பஞ்சு ஒட்டியதுபோன்ற கதிர்களுடன் அங்கே சிறுபீளை கொத்துக்கொத்தாக நின்றது. நான் ஓராண்டாகத் தேடியது, மதிலுக்கு அப்பால் வேறொரு பெயரில் வளர்ந்திருந்தது.

மலையாள நாட்டில் 'தசபுஷ்பம்' என்று பத்துச் செடிகளைப் போற்றுவர். அறுகு, விஷ்ணுகிராந்தி, கரிசாலை, நிலப்பனை முதலியவற்றோடு செறூளையும் அப்பத்தில் ஒன்று. தனு மாதத்துத் திருவாதிரை இரவில் பெண்கள் இவற்றைக் கூந்தலிற் சூடுவர். அதனைப் 'பாதிராப்பூச் சூடல்' என்பர். தனு மாதமென்பது நம் மார்கழியே. அத்திருவாதிரை, நாம் களி செய்து ஆருத்திரா தரிசனம் காணும் அதே நாள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொன்ன மலர்களுள்ளும் பூளை உண்டு. ஒரே செடியை அவர்கள் திருவாதிரைக்குத் தலையில் வைத்துக்கொள்கிறார்கள். நாம் சில நாள் முன்பின்னாகப் பொங்கலுக்குக் கூரையில் வைக்கிறோம். இதனை அறியாமல் நான் இரயிலேற்றி வரவழைத்தேன்.

அன்று மூதாட்டியார் ஐந்தாறு இளஞ்செடிகளை மண்ணோடு பெயர்த்துத் தந்தார். அவற்றைத் தொட்டியின் விளிம்பில் நட்டவர் என் அன்னையார். மலையாளம் ஒரு சொல்லும் அறியாதவர் மதிலருகே நின்று அந்த அம்மையாரோடு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார்கள், எம்மொழியில் பேசினார்கள் என்பது இன்றளவும் எனக்கு விளங்கவில்லை. அவ்வாண்டு காப்புக் கட்டியவர் அன்னையாரே.

தொட்டி வளர்க்க இரண்டு திங்கள் பொறுமையில்லாதவர்க்கும் ஒரு வழியுண்டு. அது முளைப்பாலிகை. கண்ணகி திருமணத்தைச் சொல்லுமிடத்தில் சிலப்பதிகாரம் முளைப்பாலிகை ஏந்திய மகளிரைக் காட்டுகிறது. அத்தனை பழமையானது இது. பச்சைப்பயறு, நெல் போன்ற தானியங்களை ஓரிரவு ஊறவைத்து, அகன்ற மண்சட்டியில் மண்ணும் எருவும் பரப்பி, அதன்மேல் நெருக்கமாகத் தூவி, மெல்லிய மண்ணால் மூடி நீர் தெளியுங்கள். இருட்டறையில் வைத்தால் ஒளியைத் தேடி உயரமாக வளரும். ஆனால் வெளிறிய மஞ்சளாயிருக்கும். இலையிற் பச்சையம் உண்டாக ஒளி வேண்டும். ஆகையால் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு இளவெயிலுக்குக் கொண்டுவந்தால் பசுமை ஏறிவிடும். பொங்கலுக்கு ஒன்பது நாள் முன்னம் விதைத்தால் சரியாக இருக்கும்.

இதிலும் நாம் தனித்தவர்கள் அல்லோம். எங்கள் எதிர்வீட்டுக் கிறித்தவக் குடும்பத்தார் கிறிஸ்துமஸ் புல்கூட்டுக்காகச் சிறு தட்டுகளில் நெல் முளைக்க வைப்பதைக் கண்டேன். பிரான்ஸ் நாட்டின் தென்பகுதியில் டிசம்பர் 4-ஆம் நாளிலும், குரோவேஷியாவில் 13-ஆம் நாளிலும் தட்டில் கோதுமை விதைத்துக் கிறிஸ்துமசுக்குப் பசும்பயிராகக் காணும் வழக்கமுண்டு. ஆண்டின் குளிர்ந்த நாட்களில் வாசலிலோ மேசையிலோ ஒரு முளையைக் கண்டு மகிழ்வது எந்நாட்டு மனிதர்க்கும் பொதுவானதே போலும்.

மிகச் சிறிய தொட்டி ஒன்று நம்மிடமே உண்டு. அது மார்கழிக் கோலத்தின் நடுவில் வைக்கும் சாண உருண்டை. சாணம் கிடைக்காத இடத்தில் ஈரக் களிமண் உருண்டையே போதும். அதில் செருகப் பூசணிப்பூப் பறிப்போர், நீண்டு மெலிந்த காம்புள்ள ஆண் பூவையே பறியுங்கள். பூவின் அடியில் சிறு பிஞ்சு தெரிந்தால் அது பெண் பூ; அதனைப் பறித்தால் காய் போயிற்று. மாவிலை பறிப்போருக்கும் இதுவே விதி. உரியவரைக் கேட்டு, நுனியை விட்டு, முற்றிய இலைகளை மட்டும் கத்தரியால் நறுக்குங்கள். என்னைப் போல் இரவில் ஒடிக்க வேண்டாம்.

நடவு நாட்களைச் சுருக்கமாகக் கூறி முடிக்கிறேன். ஐப்பசியில் செண்டுமல்லி விதையும் கற்பூரவல்லித் தண்டும். கார்த்திகையில் சிறுபீளை இளஞ்செடி. மார்கழி முடிய ஒன்பது நாள் இருக்கையில் முளைப்பாலிகை.

எங்கள் தொட்டி இப்போது இரண்டாகிவிட்டது, மதிலோரத்தில் நிற்கின்றன. திருவாதிரைக்கு மூதாட்டியார் தம் கிணற்றோரத்தை விட்டுவிட்டு எங்கள் தொட்டியிலிருந்தே செறூளை கிள்ளிக்கொள்கிறார். போகியன்று எங்களுக்கு மாவிலை அவர் மரத்திலிருந்து வருகிறது, அவர் கையாலேயே. ஒடித்த கொம்புகளைப் பற்றி அவர் பிறகு ஒரு நாளும் பேசியதில்லை. கோடையில் ஒரு பரணி ஊறுகாய் மட்டும் தவறாமல் வருகிறது. அதைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரவு நினைவுக்கு வரும்.

வரும் இதழில், பொங்கல் முடிந்தபின் தொட்டிச் செடிகளைக் கோடைக்கு எவ்வாறு காப்பது என்பதைக் காண்போம். வணக்கம்.